ஏழாம் கலவை

சிப்பிகாட்,
12 ஜூன் 2023

ஸ்ரீதர் மாப்பிள்ளை அவர்களுக்கு, குழந்தைவேலு எழுதுவது.

நானும் அலமுவும் நலம். தாங்களும் என் தங்கை வைஜெயந்தியும் பிள்ளைகளும் தங்கள் தாயாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசலாமே என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். போனில் சொன்னதை மறுநாள் "அப்படிச் சொல்லவில்லையே" என்று மாற்றலாம். மே மாதம் அதுதான் நடந்தது. காகிதத்தில் எழுதியதை மாற்ற முடியாது.

நம் பேச்சை ஒருமுறை எழுத்தில் வைத்துவிடுகிறேன். ஹேவ்லாக் தீவு ரிசார்ட்டுக்காரர்கள், தங்களுக்கென்றே ஒரு சுருட்டு வேண்டும், கையால் சுற்றியது, டிசம்பர் சீசனுக்கு ஐந்நூறு, என்று கேட்டது என்னிடம். அதற்காகவே வேளாண் பண்ணையின் ரசாயனக் கூடத்தில் இருபத்தாறு வருடம் பார்த்த வேலையை விட்டேன். இலையை நீங்கள் திண்டுக்கல்லிலிருந்து அனுப்புவீர்கள். பதப்படுத்துவதும் கலவை செய்வதும் நான். மாதிரியை நீங்கள் இழுத்துப் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகு, அங்கே நம் குடும்பச் சுருட்டுக் கொட்டகையில் சுற்றுவார்கள். சுருட்டின் இடுப்பில் ஒட்டும் காகிதப் பட்டையில் என் பெயர் இருக்கும். கம்பெனியின் பெயர் அல்ல, தங்கள் பெயர் அல்ல, என் பெயர். இதில் மாற்றமில்லை.

முதல் மூன்று கலவைகளிலும் பூஞ்சை வாடை என்று திருப்பினீர்கள். இந்த அந்தமான் தீவில் மே மாதம் பிடித்த மழை டிசம்பரில்தான் விடும், துவைத்த சட்டையே காயாது. அந்தச் சிக்கலைத் தீர்த்துவிட்டேன். எப்படி என்பது என்னோடு இருக்கட்டும். நாலாம் கலவையில் ஐந்து சுருட்டு இத்துடன் வருகிறது. உள்ளிலை நம் வேடசந்தூர் இலை, கோதாவரி ஆற்றுத்திட்டில் விளையும் லங்கை இலை கால் பங்கு, மேலிலை வங்காளத்துக் கூச்பெஹார்.

இதிலும் குறை சொல்ல இடம் தேட வேண்டாம்.

தங்கள்,
குழந்தைவேலு


திண்டுக்கல்,
4 ஜூலை 2023

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

இங்கு அனைவரும் நலம். தங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அக்காவுக்கு எங்கள் அன்பு.

நாலாம் கலவை வந்தது. பூஞ்சை வாடை அறவே இல்லை. சுருட்டில் முதல் மூன்றிலொரு பங்கு நன்றாகவே போகிறது, இலை இனிக்கிறது. பாதியைத் தாண்டினால் வேறொரு வாடை வருகிறது. சைக்கிள் கடை வாசலில் வெயில் நேரத்தில் நின்றால் வருமே, அது. இலையை எங்கே காயவைத்தீர்கள் என்று எழுதினால் உதவியாக இருக்கும். லங்கை இலை கால் பங்கு அதிகம், அரைக்கால் போதும்.

பட்டையில் தங்கள் பெயர் என்பதில் எங்களுக்கு ஆட்சேபம் எதுவுமில்லை. கலவை சரியாக வரட்டும்.

தங்கள்,
ஸ்ரீதர்


சிப்பிகாட்,
19 ஜூலை 2023

மாப்பிள்ளை அவர்களுக்கு,

நலம். முழங்காலை விசாரித்ததற்கு நன்றி. அது தன் பாட்டில் இருக்கிறது.

சைக்கிள் கடை. என் நாற்பது நாள் உழைப்புக்கு நீங்கள் தந்த பெயர் அது. நான் கேட்கிறேன், தாங்கள் இந்தத் தொழிலுக்கு வந்ததே சோப்பு ஏஜென்சியிலிருந்து. அப்பா கொட்டகைச் சாவியை மருமகன் கையில் கொடுத்தார், பெற்ற மகனிடம் "படிச்சவனுக்கு எதுக்குடா புகையிலை" என்றார். சரி, கொடுத்தார். சாவி கொடுத்தால் நாக்கும் கூடவே வந்துவிடுமா? சுருட்டை எப்போது இழுக்கிறீர்கள்? சாப்பிட்ட பிறகா? பாக்கு மென்றுவிட்டா? அப்பா வெறும் வயிற்றில், நீராகாரத்தால் வாய் கொப்பளித்துவிட்டுத்தான் இழுப்பார். தங்களுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை.

லங்கை இலையை அரைக்கால் ஆக்கினேன். அது தங்கள் சொல்லுக்காக அல்ல, எனக்கே தோன்றியது. ஐந்தாம் கலவையும் ஆறாம் கலவையும் ஒன்றாக அனுப்புகிறேன். ஆறில் உள்ளிலையை இரண்டாம் முறை அடுக்கிப் புழுங்கவைத்திருக்கிறேன். இங்குள்ள ஈரச்சூட்டில் நாற்பது நாளில் முடிவது அங்கே ஆறு மாதம் பிடிக்கும். இது என் கண்டுபிடிப்பு. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

காயவைத்த இடத்தைக் கேட்டீர்கள். இலையைச் சுவைப்பவருக்கு அது எதற்கு?

குழந்தைவேலு


திண்டுக்கல்,
16 ஆகஸ்ட் 2023

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

அனைவரும் நலம். அங்கு மழை கடுமை என்று செய்தியில் பார்த்தோம், கவனமாக இருக்கவும்.

இரண்டு கலவையையும் வெறும் வயிற்றில், நீராகாரத்தால் வாய் கொப்பளித்துவிட்டுத்தான் பார்த்தது. மூன்று நாள், வேளைக்கு ஒன்று. ஐந்தாவதில் லங்கை இலையின் காரம் அடங்கிவிட்டது, அது சரியான முடிவு. ஆறாவதில் உள்ளிலை மிக அருமையாகப் பழுத்திருக்கிறது. இப்படிப் பழுத்த இலை நம் கொட்டகையில் வந்ததில்லை. ஆனால் இரண்டிலும் அந்த டயர் வாடை இருக்கிறது. இந்த முறை ஆரம்பத்திலேயே வருகிறது. இது இலையில் பிறந்ததில்லை, வெளியிலிருந்து ஏறியது. தயவுசெய்து எங்கே காயவைத்தீர்கள் என்று மட்டும் எழுதவும்.

இந்த நிலையில் ரிசார்ட்டுக்கு அனுப்ப முடியாது.

தங்கள்,
ஸ்ரீதர்


சிப்பிகாட்,
30 ஆகஸ்ட் 2023

மாப்பிள்ளை அவர்களுக்கு,

உயிரோடு இருக்கிறேன். தாங்களும் இருப்பீர்கள்.

அனுப்ப முடியாது என்று சொல்ல நீங்கள் யார்? ஆர்டர் என்னுடையது. எனக்கு மட்டும் சுற்றுவதற்கு ஆளும் லைசென்சும் இருந்திருந்தால் தங்கள் வாசலை மிதித்திருக்க மாட்டேன்.

எனக்குப் பழைய கதை தெரியாது என்று நினைக்க வேண்டாம். அப்பா இறந்தபோது விமானம் ஏற டிக்கெட் கிடைக்காமல் நான் போர்ட் பிளேரில் நின்றுகொண்டிருந்தேன். இரண்டு நாள் பொறுத்திருக்கலாம். பொறுக்கவில்லை. கொள்ளி வைத்தது நீங்கள். கம்பெனியின் ஐம்பதாம் ஆண்டு விழா அழைப்பிதழில் தங்கள் பெயர் பெரிய எழுத்தில், உங்கள் தம்பி பெயர், உங்கள் பங்காளிகள் பெயர் எல்லாம் இருந்தன. நான் "மற்றும் குடும்பத்தினர்" என்பதற்குள் இருந்தேன். அந்த அழைப்பிதழ் இன்னும் என் மேஜையில் இருக்கிறது.

இப்போது இந்தக் குறிப்புகள். "காரம் அடங்கிவிட்டது, ஆரம்பத்திலேயே வருகிறது." அடுக்களையில் உட்கார்ந்துகொண்டு உப்பு போதாது, புளி ஏறிவிட்டது என்று சொல்லும் பெண்பிள்ளை எழுதியது போல் இருக்கிறது. ஒரு எண் இல்லை, ஒரு அளவு இல்லை. உண்மையைச் சொல்லட்டுமா? அப்பாவோடு அந்தக் கொட்டகையில் நாக்கு போயிற்று, மூக்கும் போயிற்று. இப்போது அங்கே இருப்பவர்களுக்குச் சுருட்டும் ஊதுபத்தியும் ஒன்றுதான்.

வாடை இருந்தால் அது தாங்கள் அனுப்பிய இலைச் சிப்பத்தில் இருந்திருக்கும். லாரியில் எதன் பக்கத்தில் ஏற்றினீர்கள் என்று விசாரியுங்கள்.

குழந்தைவேலு


திண்டுக்கல்,
5 அக்டோபர் 2023

மச்சான் அவர்களுக்கு,

நலம். பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். உடனே எழுத முடியவில்லை.

சீசனுக்கு இரண்டு மாதம்தான் இருக்கிறது. நம் கொட்டகையில் மூத்த ஆளான ராக்கப்பன் அண்ணன், புதிய சிப்பம் ஒன்றோடு சென்னையிலிருந்து கப்பலில் வருகிறார். இலை பதமாகும் இடத்தை அவர் கண்ணால் பார்க்கட்டும். தங்கள் கையால் பதமான இலையை, ஐந்நூறுக்குப் போதுமான அளவு, காயவைத்தும் வைக்காமலும், அவரிடம் கொடுத்தனுப்பவும். அவருக்கு இனிப்பு கொடுக்க வேண்டாம், சர்க்கரை இருக்கிறது.

ஸ்ரீதர்


சிப்பிகாட்,
2 நவம்பர் 2023

வைஜெயந்தி,

இந்தக் கடிதம் உனக்கு. மாப்பிள்ளைக்கு அல்ல. அவருக்கு இனி எழுத என்னிடம் ஒன்றுமில்லை.

ராக்கப்பன் போன வாரம் வந்தார். மூன்று நாள் கப்பலில் வாந்தியெடுத்து, கரையில் இறங்கும்போது பாதி ஆளாக இருந்தார். வந்ததும் கேட்டது "இலை எங்க தம்பி?" என்றுதான். இனி மறைத்துப் பயனில்லை என்று பொன்னுத்துரையின் தோட்டத்துக்குக் கூட்டிப் போனேன். பொன்னுத்துரை இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து சிறுபிள்ளையாக வந்தவர், இங்கே மேட்டில் ரப்பர் வைத்திருக்கிறார். ரப்பர் பாலை உறையவைத்துத் தகடாக்கி, விறகுப் புகையில் தொங்கவிட்டு உலர்த்துவார். அதற்கென்று ஒரு புகைக்கூடம். மழைக்காலத்தில் இந்தப் பக்கத்திலேயே உலர்ந்து கிடக்கும் இடம் அது ஒன்றுதான். நாலாம் கலவையிலிருந்து என் இலையை அங்கேதான் தொங்கவிட்டேன், ரப்பர் தகட்டுக்கு மேல் கொடியில்.

ராக்கப்பன் கதவைத் திறந்து ஒரு மூச்சு இழுத்தார். அப்படியே வெளியே வந்து விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஏந்தம்பி, இது எலை காயப்போடுற எடமா, லாரி டயர் வேகவைக்கிற எடமா?"

பொன்னுத்துரைக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னாங்க பெரியவரே, சிரிக்கிறீங்க? இந்தப் புகை இல்லாட்டி சாரோட எலை எல்லாம் பூஞ்சை புடிச்சு கத்தம், முடிஞ்சுது. நானே சொன்னேன் தானே, சார், வாடை ஏறும், சோச்சு பாருங்க, யோசிங்கன்னு. சார் கேக்கல. எம்எஸ்ஸி படிச்சவங்களுக்கு நம்ம என்னா சொல்றது?"

"ஒங்க மேல தப்பே இல்லைய்யா," என்றார் ராக்கப்பன். "பாப்பா ரெண்டாவது இழுப்புலயே சொல்லிருச்சு. இது பொகைக்குள்ள கெடந்த எலை, பக்கத்துல ரப்பரோ என்னமோ இருந்திருக்குன்னு."

"எந்தப் பாப்பா?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "வேற எந்தப் பாப்பா? நம்ம வைஜெயந்தி பாப்பாதான். மாப்பிள்ளைக்குத்தான் சாம்பிராணி போட்டாலே இருமல் வந்துருமே. இருபது வருசமா எல்லாச் சரக்கும் அது இழுத்துப் பாத்துத்தானே வெளிய போகுது. ஒங்களுக்குத் தெரியாதா?" கேட்டு முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. அதன் பிறகு ஊருக்குக் கிளம்பும்வரை, எந்த இலை கூடத்தில் எங்கே தொங்கியது என்று குறித்துக்கொண்டே இருந்தார்.

இருபது வருடம். நான் யாருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன்? யாரைத் திட்டிக்கொண்டிருந்தேன்? நீ அதையெல்லாம் படித்துவிட்டு, "மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு" என்று உன் கணவன் குரலில் பதில் எழுதினாயா? என் முழங்காலை விசாரித்தது யார்?

நான் இங்கே இருபது வருடம் ஒரு ஆளை வெறுத்தேன். ஆள் மாறிப்போயிருக்கிறது. இதை முன்பே சொல்லியிருந்தால் சரியான இடத்தில் வெறுத்திருப்பேன்.

புகைக்கூடத்தை மறைத்தது என் தப்பு. நீ மறைத்ததோடு பார்த்தால் அது ஒன்றுமேயில்லை.

குழந்தைவேலு


திண்டுக்கல்,
21 நவம்பர் 2023

அன்புள்ள அண்ணனுக்கு, வைஜெயந்தி எழுதுவது.

நான் நலம். நீங்களும் அண்ணியும் நலம்தானா? முழங்காலை விசாரித்தது நான்தான். எல்லாக் கடிதமும் நான் தட்டச்சில் எழுதியவைதான். அவர் கையெழுத்து மட்டும் போடுவார். உங்கள் ஆகஸ்ட் கடிதத்தைப் படித்துவிட்டு அவர் ஒரு மாதம் கையெழுத்துப் போட மறுத்தார். அதனால்தான் தாமதம்.

அடுக்களைக் குறிப்பு என்று எழுதியிருந்தீர்கள். கிட்டத்தட்டச் சரி. கொல்லையில் குளிக்க வெந்நீர் போடும் அடுப்படியில் உட்கார்ந்துதான் இழுப்பேன். அங்கே புகை வந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். வீட்டுக்கே வெந்நீர் போட்டுக் கொடுக்கும் நல்ல மருமகள் என்று அத்தை இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். சுருட்டுக் கம்பெனி நடத்துகிற குடும்பம்தான். ஆனால் வீட்டுப் பெண் சுருட்டுப் பிடிக்கிறாள் என்றால் இந்த ஊரில் என் பெண்ணுக்கு வரன் வராது.

உங்களுக்கு நினைவிருக்காது. நீங்கள் கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்தீர்கள். அப்பா இரண்டு இலையை எடுத்து உங்கள் முன் வைத்து, "என்ன வித்தியாசம் சொல்லு" என்றார். நீங்கள் நிகோடின் சதவீதம், சுண்ணாம்புச் சத்து என்று கால் மணி நேரம் பேசினீர்கள். நான் காபி கொண்டுவந்தவள், குனிந்து முகர்ந்துவிட்டு, "இது மழையில நனைஞ்சது" என்றேன். எனக்குப் பதினான்கு வயது. அப்பா அன்றைக்கு முடிவு செய்துவிட்டார். சாவி மருமகனுக்குக் கொடுக்கப்படவில்லை, அண்ணா. எனக்குக் கொடுத்தார். வெளியே காட்ட ஒரு ஆண் பெயர் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். "பெரியவனிடம் சொல்லாதே, தாங்க மாட்டான்" என்றார். அது தப்பு என்று இப்போது தெரிகிறது.

ராக்கப்பன் அண்ணன் கொண்டுவந்த இலையில் ஏழாம் கலவை செய்தேன். ஒரு சுருட்டுக்கு உங்கள் உள்ளிலை ஐந்து, புகைக்கூடத்தில் தொங்காமல் இங்கே வெயிலில் காய்ந்தவை. நடுவில் புகைக்கூடத்து இலை ஒன்று, அதிலும் கூடத்தில் ஓரமாகத் தொங்கியதாக ராக்கப்பன் அண்ணன் குறித்துக் கொடுத்தது மட்டும். அந்த ஒற்றை இலை பாதியில் மெல்ல எழுந்து வருகிறது. டயராக இல்லை, மழை நின்ற பிறகு விறகு எரிகிற வாசமாக இருக்கிறது. அதைத் திண்டுக்கல்லில் யாராலும் செய்ய முடியாது. உங்கள் தப்பு இல்லாமல் இந்தக் கலவை இல்லை.

மாதிரிக்கு இருபத்தைந்து சுருட்டு அனுப்புகிறேன், மீதியைக் கொட்டகையில் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். பட்டையில் உங்கள் பெயரே இருக்கட்டும். எனக்கு வேண்டாம். அத்தைக்குத் தெரியக் கூடாது, அது மட்டும்தான் நான் கேட்பது.

உங்கள் தங்கை,
வைஜெயந்தி


சிப்பிகாட்,
7 டிசம்பர் 2023

வைஜெயந்தி,

நலம். அலமு உன்னை விசாரித்தாள். உன் கடிதத்தைப் படித்துவிட்டு "இப்பவாவது வாயை மூடிக்கிட்டு இருங்க" என்றாள். என்னால் அது முடிந்ததில்லை.

சுருட்டைப் பிரித்து ஒன்று இழுத்தேன். நல்லதுதான். எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன், நல்லது.

மறுநாள் பெட்டியை எடுத்துக்கொண்டு ஹேவ்லாக் போனேன். ரிசார்ட் மேலாளர் சிவபிரகாஷ் படகுத்துறையிலேயே ஒன்றைப் பற்றவைத்தார். பாதிக்கு மேல் போனதும் பேச்சை நிறுத்திவிட்டு சுருட்டைப் பார்த்தார். "சார், இது நீங்க பண்ண பிளெண்டா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் வேலையை விட்டேன். நீ வேறு அனுமதி எழுதிக் கொடுத்திருந்தாய்.

அனுமதி. அதுதான் என்னைக் கொளுத்தியது. அப்பா எனக்குத் தராத ஒன்றை நீ இரக்கப்பட்டுத் தருகிறாய். தாங்க மாட்டான், பாவம், பெயராவது இருக்கட்டும். இந்தப் பிச்சை எனக்கு வேண்டாம். "இல்லை, என் தங்கை வைஜெயந்தி செய்தது. திண்டுக்கல்லில் இருக்கிறாள். இருபது வருடமாக அவள்தான் செய்கிறாள், நாங்கள் எல்லாம் சும்மா" என்று சொன்னேன். அவர் குதித்தார். பெண் செய்த சுருட்டு என்றால் இன்னும் நன்றாக விற்குமாம். புகைப்படம் கேட்டார். போனில் இருந்ததைக் கொடுத்தேன், உன் பெண்ணின் சடங்கில் எடுத்தது. பெட்டியோடு வைக்கும் அட்டையிலும் அவர்கள் இணையப் பக்கத்திலும் போடுவார்களாம். பட்டையில் உன் பெயர்.

உன்னைக் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பாய். இருபது வருடம் ஒளிந்திருந்தது போதும்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எண்ணிக்கொள்ளாதே.

குழந்தைவேலு


திண்டுக்கல்,
27 டிசம்பர் 2023

அண்ணா,

நலம் விசாரிக்க மனமில்லை.

என் நாத்தனார் மகள் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டுக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டாள். அரை மணி நேரத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அத்தை என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இத்தனை வருஷம் வெந்நீர் போட்டது இதுக்குத்தானா?" அன்றிலிருந்து இந்த மார்கழிக் குளிரில் பச்சைத் தண்ணீரில் குளிக்கிறார். இருமுகிறார். என் கணவரைக் கடைவீதியில் நிறுத்தி, "வீட்டுல யாருங்க பத்தவைக்கிறது?" என்று கேட்கிறார்களாம். என் பெண் சௌமியாவைத் தையில் பார்க்க வருவதாக இருந்தவர்கள் சித்திரை பிறக்கட்டும் என்றார்கள். அதன் பொருள் உங்களுக்குத் தெரியும். அவள் மட்டும் அந்தப் படத்தைத் தன் போனில் முகப்பாக வைத்திருக்கிறாள். எடுக்கச் சொன்னேன், மறுத்துவிட்டாள்.

நான் மறைத்தது பயத்தால் மட்டுமில்லை. யாரிடம், எந்த நாளில் சொல்வது என்பது என் கையில் இருந்தது. அதைப் பிடுங்கிக்கொண்டீர்கள். அப்பா என்னைக் கேட்காமல் ஒளித்து வைத்தார், நீங்கள் என்னைக் கேட்காமல் வெளியே இழுத்துவிட்டீர்கள். இரண்டு பேரும் எனக்கு நல்லது செய்ததாகவே நினைத்துக்கொள்வீர்கள். இரக்கப்பட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லை. அந்த உள்ளிலையைப் பழுக்கவைத்தது நீங்கள், அதில் பாதி உங்களுடையது என்று நினைத்தேன். இப்போது நினைக்கவில்லை.

சிவபிரகாஷ் எனக்கே எழுதினார். ஐந்நூறும் போய்விட்டது, மார்ச்சுக்குள் இன்னும் ஆயிரம் வேண்டுமாம். நானே பதில் எழுதினேன், என் கையெழுத்தில். அனுப்புவதாகச் சொல்லிவிட்டேன். இனி யாருடைய பெயருக்குப் பின்னாலும் போக எனக்கு வழி இல்லை, அதை நீங்கள் அடைத்துவிட்டீர்கள்.

ஆகவே செய்ய வேண்டியது: உள்ளிலை நாற்பது கிலோ, இதுவரை செய்தது போலவே இரண்டாம் முறை புழுங்கவைத்தது. புகைக்கூடத்து இலை எட்டு கிலோ. பொன்னுத்துரையிடம் சொல்லி அதை ரப்பர் தகட்டிலிருந்து தள்ளி, கதவோரம் தொங்கவிடுங்கள். புகையில் இரண்டு நாள் குறையட்டும். அடுத்த கப்பலிலேயே வர வேண்டும். கலவை செய்வதெல்லாம் இங்கே நான்.

பதில் எழுதும்போது இலையில் ஈரம் எவ்வளவு, புகையில் எத்தனை நாள், எந்தக் கப்பல், இவற்றை மட்டும் எழுதுங்கள். அப்பா அதில் வரக் கூடாது.

வைஜெயந்தி